மொக்கம்பட்டி மந்தம்

மொக்கம்பட்டியில் பூ விரிந்துவிட்டால் அன்றைய பிழைப்பு போயிற்று. மல்லிகையை மொக்காக இருக்கும்போதே கிள்ளி, மொக்காக இருக்கும்போதே கூடையில் போட்டு, மொக்காக இருக்கும்போதே சந்தையில் ஏலம் கூவி, மொக்காக இருக்கும்போதே லாரியில் ஏற்றி அனுப்பிவிட வேண்டும், அப்புறம் அது எந்த ஊரில் எவள் கொண்டையில் விரிந்தால் நமக்கென்ன. ஆகவே அந்த ஊரில் பிறந்தவர்கள் எல்லாரும் பூவுக்கு ஒரு எட்டு முன்னாலேயே ஓடிக்கொண்டிருந்தார்கள். நின்றுகொண்டே சாப்பிட்டார்கள், நடந்துகொண்டே தலை சீவினார்கள். பூசாரி ஒரு கையால் மணியடித்து மறு கையால் திருநீறு கொடுத்துக் காலால் கதவைச் சாத்தினார். முகூர்த்தம் தொடங்கின நிமிஷமே தாலி ஏறி, அது முடிவதற்குள் பந்தியும் முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் மறுநாள் பறிப்பு எந்தத் தோட்டத்தில் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வருஷத்துக்கொரு தடவை மாரியம்மன் தேரை அவர்கள் இழுக்கிற இழுப்பில், தேர் நிலைக்கு வந்து நிற்கும்போது அம்மனின் கிரீடம் காதோரம் சரிந்திருக்கும்.

அப்படிப்பட்ட ஊருக்குத் திட்டுவதற்கு ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது, அது மந்தம். மற்ற ஊர்க்காரர்கள் மாதிரி ஆத்தாள் அப்பனை இழுத்து நீட்டி முழக்க இங்கே யாருக்கு நேரம் இருக்கிறது. தின்ற சோறு செரிக்கவில்லையா, வயிறு மந்தம். மழையும் பெய்யாமல் வெயிலும் அடிக்காமல் வானம் மூடிக்கிடக்கிறதா, அதுவும் மந்தம். கூப்பிட்டால் திரும்பாத கிழவருக்குக் காது மந்தம், கணக்கு வராத பிள்ளைக்குப் புத்தி மந்தம், கரண்டு குறைந்து பல்பு சிவப்பாக எரிந்தால் வெளிச்சம் மந்தம், லாரி வராத ஐப்பசியில் யாவாரம் மந்தம். ஊரில் எதெல்லாம் சரியில்லையோ அதெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் போய் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. இவ்வளவு போதாதென்று அந்த வார்த்தைக்கு ஊரில் ஒரு ஆளும் இருந்தான், அவன் பெயர் தவசி.

தவசி சோம்பேறி இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வேலை செய்யாதவன் இல்லை, செய்து முடிக்காதவன். சங்கிலிமுத்துவின் கமிஷன் கடை வாசலில் உட்கார்ந்து மாலை கட்டுவான், ஒவ்வொரு பூவையும் எடுத்து இப்படித் திருப்பி அப்படித் திருப்பி, இதற்கு எந்தப் பக்கம் முகம் என்று பார்த்துத்தான் நாரில் வைப்பான், அவன் கட்டின மாலை மாதிரி ஒரு மாலையை யாரும் கட்டமுடியாது என்பது உண்மைதான், ஆனால் கல்யாணத்துக்குச் சொன்ன மாலை வளைகாப்புக்குப் போய்ச் சேர்ந்தால் அந்த அழகை வைத்துக்கொண்டு என்ன செய்வது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் ஆளுக்கொரு மந்தத்தை அவன்மேல் போட்டுவிட்டுப் போனார்கள். அவனும் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டான், ஒன்றையும் திருப்பிக் கொடுத்ததில்லை.

இந்தத் தவசிக்குத்தான் பவுனுத்தாய் வாழ்க்கைப்பட்டாள். இரண்டு கையாலும் மொக்குப் பறிப்பவள், அவள் ஒரு வரிசையை முடித்துத் திரும்பும்போது பக்கத்து வரிசைக்காரி இன்னும் முந்தானையைச் செருகிக்கொண்டிருப்பாள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு, மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டு முடிப்பதற்குள் அவள் சரி என்றுவிட்டாள், அப்போதுதான் மத்தியானப் பறிப்புக்குப் போகமுடியும். தவசியிடமும் கேட்டார்கள். அவன் பதில் சொல்லுமுன் கல்யாணமே முடிந்துவிட்டது. எத்தனையோ மாசம் கழித்து ஒரு நாள், கருவாட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தவன் தலையை நிமிர்த்தி, "பிடிச்சிருக்கு" என்றான்.

"என்னது, கருவாடா?"

"இல்ல. அன்னைக்குக் கேட்டாகள்ல."

பவுனுத்தாய் கொல்லைக்குப் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டாள். பகல் பொழுதில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

அவர்களுக்குப் பிறந்த முதல் பிள்ளை மொக்கம்பட்டிப் பிள்ளையாகவே இருந்தது. ஏழாம் மாசமே அவசரப்பட்டு வந்துவிட்டது, வந்த அவசரத்திலேயே போயும்விட்டது. ஊர்ப் பெண்கள் ஒரு மூச்சு அழுது முடித்து மறுநாள் பறிப்புக்குப் போனார்கள், அதற்கு மறுநாள் பவுனுத்தாயும் போனாள். தவசிக்கு அழுகை வரவே இல்லை, கல் நெஞ்சுக்காரன் என்றுகூடப் பேசினார்கள். தைப்பொங்கல் அன்று வாசலில் பானை வைத்திருக்கும்போதுதான் அவனுக்கு அழுகை வந்து சேர்ந்தது. அப்படி அழுதான். "நல்ல நாளும் அதுவுமா இப்ப என்னய்யா அழுகை" என்று பவுனுத்தாய் வைதாள். வைதுகொண்டே அவளும் அழுதாள், அன்றைக்குத்தான் அவளாலும் முழுசாக அழ முடிந்தது.

ஆகவே இரண்டாவது பிள்ளை தங்கியபோது அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: இது அவசரப்படக்கூடாது, உள்ளேயே இருக்க வேண்டிய நாள் இருந்துவிட்டு வரவேண்டும். அதை யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் எங்கே அந்தப் பிள்ளை காதில் விழுந்து ஓட ஆரம்பித்துவிடுமோ என்று பயம்.

ஆறாம் மாசத்தில் ஒரு காலை. அடுப்பில் பால் கொதித்து ஏறிக்கொண்டிருக்கிறது, பவுனுத்தாய் வாசலில் கூடையும் கையுமாக நிற்கிறாள், அடுப்புக்குப் பக்கத்தில் தவசி உட்கார்ந்து அந்தப் பால் ஏறுகிற அழகைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். "யோவ், இறக்குய்யா" என்றாள். அவன் இறக்குவதற்கான துணியைத் தேடலாமா என்று யோசிக்கத் தொடங்குவது அவள் இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. "மந்தம், மந்தம், மந்தம் பிடிச்ச மந்தம்" என்று அவள் போட்ட போடு தெருக்கோடி வரை கேட்டது. அன்றுவரை ஊர் அவன்மேல் போட்டிருந்த மந்தங்களுக்கு மேல் இது போய் விழுந்ததில், அவன் நிறைந்து போனானோ என்னவோ, சட்டியின் விளிம்புவரை ஏறின பால் அங்கேயே நின்றுவிட்டது. பொங்கவும் இல்லை, இறங்கவும் இல்லை. பவுனுத்தாய்க்கு நின்று பார்க்க நேரமில்லை, போய்விட்டாள். மொக்குப் பறித்து, சந்தையில் போட்டு, வெயில் ஏறி வீட்டுக்கு வந்து பார்த்தால் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது, பால் விளிம்பில் நின்றுகொண்டிருக்கிறது, தவசி அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவள் துணி எடுத்து இறக்கி வைத்துக் காப்பி போட்டாள். காப்பி நன்றாகத்தான் இருந்தது.

ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்கிறவர்கள் வெளியூர்க்காரர்கள். மொக்கம்பட்டியில் யாரும் அதைக் கேட்கவில்லை, இதை வைத்து என்ன செய்யலாம் என்றுதான் கேட்டார்கள். தவசியைச் சுற்றி ஒரு வட்டக் கிணற்றின் வாய் அகலத்துக்கு எல்லாமே மந்தமாகிவிடுகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் சங்கிலிமுத்து. தவசி பக்கத்தில் மறந்து வைத்த ஒரு சாக்கு மல்லிகை சாயங்காலமும் மொக்கு, மறுநாளும் மொக்கு, மூன்றாம் நாளும் கிள்ளின மாதிரியே மொக்கு. அவர் அந்தச் சாக்கின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து ஒரு மொக்கைக் கையில் எடுத்துப் பார்த்தார், தவசியைப் பார்த்தார், மறுபடி மொக்கைப் பார்த்தார். "மாப்ள, நீ இனிமே மாலையெல்லாம் கட்ட வேணாம். சும்மா உக்காந்திரு, அது போதும்" என்றார்.

சந்தைக் கொட்டகைக்கு நடுவில் சலூனிலிருந்து ஒரு பழைய சுழல் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள், தவசியை அதில் உட்காரவைத்துச் சுற்றிலும் சாக்குகளை அடுக்கினார்கள். பூவுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த ஊருக்கு முதன்முதலாக மூச்சு விட நேரம் கிடைத்தது. ஆனால் அந்த வார்த்தை தனியாக வரவில்லை, தன் சொந்தபந்தம் அத்தனையையும் கூட்டிக்கொண்டுதான் வந்திருந்தது. நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு வயிறு மந்தித்தது, காது மந்தித்தது, கொட்டகைக்கு மேலே மட்டும் வானம் மூடிக்கொண்டது, வட்டத்துக்குள் தொங்கின பல்பு சிவந்து எரிந்தது, அங்கே நின்று கூவிய ஏலம் மத்தியானம்வரை இழுத்து யாவாரமும் மந்தித்தது. ஊர் அசரவில்லை. ஏலத்தை வட்டத்துக்கு வெளியே தள்ளி வைத்தார்கள், கொட்டகை வாசலில் இஞ்சி மொரப்பாவும் ஓமத்தண்ணியும் விற்க ஒரு தட்டுக்கடை வந்தது, காது கேட்காதவர்களுக்குக் கையைக் காட்டிப் பேசப் பழகிக்கொண்டார்கள்.

கொஞ்ச நாளில் பூ மட்டுமில்லை, எதையெதையோ தூக்கிக்கொண்டு வந்தார்கள். அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு ஊர்க்கதை பேசப் போகிறவர்கள் அடுப்போடு கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். படபடவென்று நெஞ்சடிக்கிற கிழவர்கள் வந்து உட்கார்ந்து நெஞ்சை ஆற்றிக்கொண்டு எழுந்து போனார்கள். மாமியாரும் மருமகளும் சண்டை முற்றினால் நேராக வட்டத்துக்குள் வந்துவிடுவார்கள், ஒருத்தி ஒரு வார்த்தை சொல்லி, அது மற்றவளுக்குப் போய்ச் சேர்ந்து, அவள் யோசித்து ஒரு வார்த்தை எடுப்பதற்குள் என்னத்துக்குச் சண்டை என்பதே இருவருக்கும் மறந்துபோகும். ஜோசியர் ஒருவர் வந்து, மந்தன் என்பது சனீஸ்வரனுக்கு ஒரு பெயர் என்று ஒரு போடு போட்டுவிட்டுப் போனார். அந்தச் சனிக்கிழமையே நாற்காலிக்கு முன்னால் எள் விளக்கு வரிசை கட்டியது. தவசி "ஐயோ, வேணாங்க" என்று சொல்லத்தான் பார்த்தான், அவன் வாயிலிருந்து அது வெளியே வரும்போது செவ்வாய்க்கிழமை ஆகியிருந்தது, எதிரே யாரும் இல்லை.

பவுனுத்தாய்க்கு இதெல்லாம் பெருமையாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். பேர் சொல்லக்கூட நேரமில்லாமல் அவனை மந்தம் என்று கூப்பிட்ட ஊர் இப்போது வாய் நிறைய மாப்ள, தம்பி, தவசியண்ணே என்கிறது. சாயங்காலம் கொட்டகையிலிருந்து அவன் நடந்து வீடு வந்து சேர்வதற்குள் தெரு விளக்கு போட்டுவிடுவார்கள், வந்து அவள் பக்கத்தில் படுப்பான், அவள் வயிற்றில் துள்ளிக்கொண்டிருந்த பிள்ளை அப்படியே அடங்கிவிடும். ஆகா, அவசரப்படாத பிள்ளை என்று அவளும் நிம்மதியாகத் தூங்கிப்போவாள்.

அந்த நிம்மதியில்தான் மண் விழுந்தது. துணை சுகாதார நிலையத்து நர்ஸ் ரெஜினா, ஊரில் பாதிப் பேரைக் கையில் வாங்கினவள், பவுனுத்தாயின் வயிற்றை அளந்து பார்த்துவிட்டு மறுபடி அளந்தாள். "ஏம்மா, போன மாசமும் இதே அளவுதான் இருந்துச்சு. நாள் ஓடுது, பிள்ளை வளரலையே" என்றாள். அவள் ஏன் என்று கேட்குமுன்பே பவுனுத்தாய்க்குப் புரிந்துவிட்டது. அவன் பக்கத்தில் இருக்கிற நேரமெல்லாம் பிள்ளை அந்தப் பால் மாதிரி அப்படியே நின்றுகொண்டிருக்கிறது.

அன்றைக்குப் பட்டப்பகலில் கொட்டகைக்குப் போய், வட்டத்துக்கு வெளியே நின்றுகொண்டு, ஊர் பார்க்க அவனிடம் சொன்னாள். "மாமா, நீ இனிமே வீட்டுக்கு வராத. இங்கனயே இரு. சோறு கொடுத்து விடுறேன். நீ பக்கத்துல இருந்தா பிள்ளை வளர மாட்டேங்குது."

தவசி அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒன்றும் வரவில்லை.

"என்னமாச்சும் சொல்லு. முதப் பிள்ளை போனப்பவும் இப்பிடித்தான் பாத்துக்கிட்டிருந்தே. இந்தப் பிள்ளையாச்சும் உனக்கு வேணுமா, வேணாமா? அதச் சொல்லு."

அவன் வாய் லேசாகத் திறந்தது. அவள் நின்றாள், நிற்கத் தெரியாதவள் நின்றாள், ஒரு லாரி வந்து சாக்கு ஏற்றிக்கொண்டு போகிறவரைக்கும் நின்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவனோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவளுக்கு, கேட்ட கேள்விக்குப் பதில் எப்போது வரும் என்று தெரியாதா என்ன. தெரியும். ஆனால் வயிற்றுப் பிள்ளைக்காரிக்குச் சில பதில்கள் உடனே வேண்டியிருக்கிறது, அதற்கு என்ன செய்ய.

அவன் இல்லாத வீட்டில் பிள்ளை வளர்ந்தது. வளர்ந்த வேகத்தைப் பார்த்து ரெஜினாவே சிரித்தாள். ஆனால் எட்டாம் மாசம் தொடங்கிக் கொஞ்ச நாளில், ஒரு முற்பகல், பவுனுத்தாய் முறத்தைத் தட்டி வைக்கப் போனவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் பிள்ளைக்கு வந்த அதே வலி. பக்கத்து வீட்டுக் குருவம்மா ஓடிவந்து இன்னும் நாலு பெண்களோடு அவளைக் கைத்தாங்கலாக சுகாதார நிலையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். ரெஜினா பார்த்த உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். "இது இப்ப வரக்கூடாதும்மா, பிள்ளைக்கு நுரையீரல் முழுசா வளரணும், இன்னும் கொஞ்ச வாரமாச்சும் உள்ள இருக்கணும்" என்றாள். வலி என்னவோ ஆம்புலன்ஸைவிட வேகமாக வந்துகொண்டிருந்தது.

பவுனுத்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு, "அந்த மந்தத்தக் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

குருவம்மா சந்தைக்குப் போன வேகத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஆனால் போய்ச் சொன்ன பிறகுதான் ஊருக்குத் தன் கஷ்டம் புரிந்தது. தவசி விஷயம் காதில் விழுந்ததும் எழுந்துவிட்டான், ஓடத்தான் ஓடினான், அவன் ஓடுகிறான் என்பது அவன் முகத்தில் மட்டும் தெரிந்தது. கால் ஒன்று கிளம்பி இன்னும் தரைக்கு வரவில்லை. ஆட்டோவில் ஏற்றினார்கள், ஆட்டோ பெருமூச்சு விட்டு அடங்கியது. தோளில் தூக்கினார்கள், தூக்கின நாலு பேரும் ஆளுக்கொரு கொட்டாவி விட்டுக்கொண்டு, எதற்காகத் தூக்கினோம் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓடுவதைத் தவிர வேறொன்றும் தெரியாத ஊர், ஒரே ஒரு ஆளை ஒரே ஒரு தெரு தள்ளிக் கொண்டுபோகத் தெரியாமல் கையைப் பிசைந்தது.

"வடத்த எடுங்கடா" என்றார் சங்கிலிமுத்து.

மாரியம்மன் கோயில் தேர் வடம் வந்தது. சாக்கு ஏற்றுகிற தட்டுவண்டியில் தவசியை உட்காரவைத்து, வண்டியில் வடத்தைக் கட்டி, மறுமுனையை வட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் ஊரே பிடித்துக்கொண்டது. இழுத்தார்கள். வட்டத்துக்குள் இருந்த சக்கரம் சுற்ற மறுத்தது, வண்டி கல்லிலும் மண்ணிலும் மாட்டிக்கொண்டு நின்றது. சங்கிலிமுத்து அடுக்கியிருந்த சாக்குகளைப் பார்த்தார். எவ்வளவு நாளாகக் காத்து வைத்த மொக்கு, திருவிழாச் சந்தைக்கென்று ஒன்றைக்கூட வெளியே விடாமல் வைத்திருந்தார். மடியிலிருந்த கத்தியை எடுத்து முதல் சாக்கை அவரே கிழித்தார். "பாதை பூரா கொட்டுங்க. சறுக்கிட்டு வரட்டும்."

தெரு வெள்ளையாகிவிட்டது. அந்த ஈர மொக்குகள்மேல், சுற்றாத சக்கரத்தோடு, தட்டுவண்டி வழுக்கிக்கொண்டு கிளம்பியது. வண்டியைச் சுற்றி இருந்ததெல்லாம் மந்தம்தான், ஆனால் வடத்தின் மறுமுனையில் இருந்தது மொக்கம்பட்டி. அம்மனையே கிரீடம் சரிய இழுத்தவர்கள் தவசியை விட்டுவிடுவார்களா. வீட்டு வாசல்களில் நின்ற கிழவிகள் பழக்கத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சுகாதார நிலையத்து வாசலைத் தாண்டி, ரெஜினா குறுக்கே கையை நீட்டித் தடுக்கத் தடுக்க, பவுனுத்தாய் படுத்திருந்த அறையின் சன்னலோரம் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

வலி நின்றது. பால் நின்றதே, அந்த மாதிரி, விளிம்புவரை வந்து நின்றது. பவுனுத்தாய் சன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆம்புலன்ஸும் வந்தது. ஆனால் அவனையும் ஏற்றினால் வண்டி நகரவில்லை, அவனை இறக்கினால் வலி நகர்ந்தது. வந்த டாக்டர் ஏற்றி இறக்கி, இறக்கி ஏற்றிப் பார்த்துவிட்டு, வட்டத்துக்குள் ரொம்ப நேரம் நின்றதில் வயிறு மந்தித்து, ஒரு ஊசியைப் போட்டு, "இங்கயே வச்சுப் பாத்துக்குங்க, நான் வந்து வந்து பாக்குறேன்" என்று ஓமத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

அப்புறம் நடந்ததுதான் பெரிய கூத்து. அவன் பக்கத்திலேயே இருந்தால் பிள்ளை வளராது, தள்ளி இருந்தால் பிள்ளை வந்துவிடும். ஆகவே தட்டுவண்டிக்கு முன்னால் ஒரு வடம், பின்னால் ஒரு வடம் கட்டி, கொட்டகையில் மிச்சமிருந்த மொக்குச் சாக்குகளையும் கெடாமலிருக்க அவன் பக்கத்தில் ஏற்றி, சுகாதார நிலையத்து முற்றத்தில் ஊர் முறை வைத்து உட்கார்ந்தது. உள்ளே பவுனுத்தாயின் வயிற்றில் கை வைத்துக்கொண்டிருந்த ரெஜினா, "கிட்ட" என்பாள், முன்வடம் இழுக்கும். வலி அடங்கி, "தள்ளி" என்பாள், பின்வடம் இழுக்கும். அவசரமாக இழுத்தால் அதிகம் போய்விடும், அதிகம் போனால் ரெஜினா கத்துவாள், ஆகவே மொக்கம்பட்டிக்காரர்கள் பிறந்ததிலிருந்து செய்யாத ஒரு காரியத்தைச் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. "மந்தமா இழுங்கப்பா, மந்தமா, மந்தமா" என்று சங்கிலிமுத்து வடத்தின் தலைப்பில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார், அந்த வார்த்தையை யாரும் திட்டாமல் சொல்லிக் கேட்டது ஊருக்கு அதுதான் முதல் தடவை. முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டது. இன்றைக்கும் அந்த ஊரில் கைக்குழந்தையைக் கொடுக்கும்போதும், கிழவர்களைப் படியிறக்கும்போதும், மந்தமா, மந்தமா என்பார்கள். அது தெரியாமல் வெளியூர் மருமகன்கள் சிலர் கோபித்துக்கொண்டு போனதும் உண்டு.

பவுனுத்தாய் சன்னல் வழியாக அவன் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். படுத்துக்கிடப்பது அவளுக்குச் சித்திரவதை, கை இரண்டும் போர்வையில் இல்லாத மொக்கைக் கிள்ளிக்கொண்டிருக்கும். கிட்ட வரும்போதெல்லாம் அவன் வாய் லேசாகத் திறந்திருப்பதைப் பார்த்தாள். "என்னத்தையோ சொல்ல வர்றாரு" என்பாள் குருவம்மா. "வரட்டும்க்கா. அவசரமில்ல" என்றாள் பவுனுத்தாய். சொன்ன பிறகு அதைச் சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

ஒரு விடிகாலை ரெஜினா வயிற்றில் கை வைத்து, ரொம்ப நேரம் வைத்திருந்து, சிரித்தாள். "போதும். இழுத்துட்டுப் போயிருங்க, தெருக்கோடிக்கு." பின்வடத்தில் ஊரே விழுந்து இழுத்தது. தவசி கண்ணுக்கு மறைந்தானோ இல்லையோ, அவ்வளவு நாளும் விளிம்பில் நின்ற வலி மொத்தமும் ஒன்றாக வந்தது. மொக்கம்பட்டிப் பிள்ளைதானே, வருகிற நாள் வந்த பிறகு அது யாருக்காகவும் காத்திருக்கவில்லை. பெண் பிள்ளை. நல்ல எடை, நல்ல குரல், தெருக்கோடிவரைக்கும் கேட்டது.

மறுபடியும் முன்வடம் இழுத்து அவனைக் கொண்டுவந்தார்கள், இந்தத் தடவை அறைக்கு உள்ளேயே. குருவம்மா பிள்ளையைத் துணியில் சுற்றி, மந்தமா, மந்தமா என்று அவன் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளை பெற்றவளுக்குப் பால் காய்ச்சப் பக்கத்து அறைக்குப் போனாள். அடுப்பைப் பற்றவைத்துச் சட்டியை வைத்தவள், தவசி சுவருக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறான், பால் எங்கே பொங்கப்போகிறது என்று அதை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வாசலுக்கு வந்து நின்றாள். ஊரும் வாசலில் நின்றது.

தவசி பிள்ளையைப் பார்த்தான். இப்படித் திருப்பி அப்படித் திருப்பி, எந்தப் பக்கம் முகம் என்று பார்த்தான். அவன் வாய் திறந்தது. பேர் வைக்கப்போகிறான் என்று எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், நின்றார்கள், அப்படி நின்றார்கள்.

"வேணும்" என்றான் தவசி.

"என்ன மாப்ள வேணும், காப்பியா?" என்று சங்கிலிமுத்து திரும்பினார்.

பவுனுத்தாய்க்குத் தெரியும். சந்தைக் கொட்டகை வாசலில், வட்டத்துக்கு வெளியே நின்று தான் கேட்டது அவளுக்கு ஞாபகம் இருந்தது. அந்தக் கேள்வி அவனுக்குள் எங்கேயும் தங்காமல், எதிலும் மாட்டிக்கொள்ளாமல், இத்தனை நாளும் நடந்துகொண்டே இருந்திருக்கிறது. அவள் சிரித்தாள், அழுதாள், எட்டி அவன் முதுகில் ஒரு அடி போட்டாள். "மந்தம்" என்றாள். "மந்தம், மந்தம். என் மந்தம்."

வண்டிப் பக்கமிருந்து ஒரு வாசம் வந்தது. அவனோடேயே போய் வந்துகொண்டிருந்த மிச்சச் சாக்குகள், இத்தனை நாள் மொக்காகவே இருந்தவை, எல்லாம் ஒரே சமயத்தில் விரிந்திருந்தன. "போச்சு" என்றார் சங்கிலிமுத்து, ஆனால் இடத்தைவிட்டு அசையவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு சுரீர் என்றது. குருவம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அய்யய்யோ, பால் பொங்கிருச்சு, வழியுது" என்று துணியைத் தேடி ஓடப்போனாள்.

"பொங்கட்டும் விடுக்கா" என்றாள் பவுனுத்தாய்.